இரண்டாவது மருந்துச் சுருள்

1

இந்தக் கம்பெனியில் சேர்ந்து பத்து வருடம் ஆனதற்காகப் போன செவ்வாய்க்கிழமை எனக்குக் கேக் வெட்டினார்கள். சுவீடனில் எதற்கும் ஒரு கேக் உண்டு. பச்சை மாவு போர்த்திய வட்டக் கேக், அதன் மேல் சாக்லேட்டில் என் பெயர். ஞானசேகரன் என்பதில் நடுவே இரண்டு எழுத்தைக் காணோம். எல்லோரும் நின்றபடி கைதட்டினார்கள், ஆளுக்கொரு துண்டு தின்றார்கள், கால் மணி நேரத்தில் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். மீந்ததை ஒரு டப்பாவில் போட்டு என்னிடமே கொடுத்தனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து சிதம்பரத்தில் இருக்கும் என் மனைவி செல்விக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"ஏங்க, பேரயே முழுசாப் போடல? நீங்க கேக்கலியா?"

"கேக்குல என்னா இருக்கு, செல்வி."

"பேருதான இருக்கு. அதயாவது ஒழுங்காப் போட வேணாமா?"

அவளுடைய அப்பாவுக்கு மூன்று வருடத்துக்கு முன் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. பார்த்துக்கொள்ள அண்ணாமலை நகருக்குப் போனாள். ஒரு மாதம் என்று போனவள் அங்கேயே ஒரு பள்ளியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். மகள் கயல் கோத்தன்பர்க்கில் படிக்கிறாள். நான் மட்டும் இங்கே மூன்று அறை வீட்டில் இருக்கிறேன்.

பத்து வருடத்தில் ஊருக்கு எழுதும்படி என்ன நடந்தது என்று அன்று யோசித்துப் பார்த்தேன். பனி, இருட்டு, விசா, இவற்றையெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் பங்குக்கு ஒரே ஒரு காரியம்தான் இருக்கிறது. நடந்தபோது அதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

2

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் சரியாகப் புரியவைத்ததில்லை. வயதானவர்களுக்கு மாத்திரை கட்டிக் கொடுக்கும் கம்பெனி இது. காலையில் நாலு, மாலையில் மூன்று என்று சாப்பிடுகிறவர்களுக்கு வேளை வாரியாகச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பொட்டலங்களில் போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர், தேதி, நேரம் அச்சடித்து, இரண்டு வாரத்துக்கானதை ஒரே சுருளாகச் சுற்றி அனுப்புவோம். கட்டுவது இயந்திரம். யாருக்கு எதை எத்தனை கட்ட வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்வது ஒரு பழைய ரகக் கணினி. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அதைப் பார்த்துக்கொள்கிறவன் நான்.

காலையில் அதில் ஒரு ஜாப், அதாவது தொடங்கிவிட்டால் கணினி தானே செய்து முடிக்கும் ஒரு வேலை, ஓடும். அன்றைக்குக் கட்ட வேண்டிய பட்டியலை இயந்திரத்துக்கு அனுப்புகிற ஜாப். அது ஒருமுறைதான் ஓட வேண்டும். இரண்டு முறை ஓடினால் எல்லோருக்கும் இரண்டு சுருள் போய்விடும். ஆனால் அதை ஓட்டும் அதிகாரம் இரண்டு பேருக்கு உண்டு. ஒருவன் நான். இன்னொருவர் இருநூறு கிலோமீட்டர் தள்ளி வேறொரு அலுவலகத்தில் இருக்கும் யோரான்.

அதனால் ஒரு பூட்டு வைத்திருந்தேன். கணினிக்குள் வெறுமையான ஒரு சின்னப் பொருள். ஜாப் தொடங்கியதும் முதல் காரியமாக அந்தப் பொருளைத் தன் பெயரில் பூட்டிக்கொள்ளும். முடிந்ததும் விட்டுவிடும். அதற்குள் வேறு யாராவது அதே ஜாபை மறுபடி தொடங்கினால், அது வந்து பார்க்கும், பூட்டியிருப்பது தெரியும், திரும்பிப் போய்விடும். அவ்வளவுதான் ஏற்பாடு.

இதை நான் கற்றுக்கொண்டது சுவீடனில் இல்லை, ஊர்ப் பக்கம் செம்மங்குப்பத்தில். படித்து முடித்ததும் அங்கே ஒரு கெமிக்கல் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். சேத்தியாத்தோப்பிலிருந்து தினமும் பஸ். ஒரு நாள் லாரிக்குச் சீட்டு அடிக்கும் ஜாபை நானும் ஓட்டினேன், பக்கத்து மேசைக்காரரும் ஓட்டினார். ஒரே சரக்கு ஒரே ஆளுக்கு இரண்டு லாரியில் போய்விட்டது. மேனேஜர் வாசல் வரை கேட்கும்படி கத்தினார்.

"ஏன்யா, ஒரு ஆர்டருக்கு ரெண்டு லாரியா? பார்ட்டி என்னா ஆசிட்ட குடிக்கவா வாங்குறான்? அறிவுன்னு ஒண்ணு இருக்கா, இல்லியா?"

எல்லோரும் பார்த்தார்கள். சாயங்காலம் அவரே என்னைக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து, "போனது போச்சு. அடுத்த தடவ நடக்காமப் பண்ணு" என்றார்.

அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்த முருகன்தான் எனக்கு வழி சொன்னான். "நான் டேங்குக்குள்ள எறங்குறப்ப மெயின் சுவிட்ச்சுல என் பூட்ட மாட்டிட்டுதான் எறங்குவேன். சாவி என் இடுப்புல இருக்கும். மொதலாளியே வந்தாலும் போட முடியாது. ஒங்க கம்ப்யூட்டர்ல அந்த மாதிரி கெடையாதா?"

தடித்த கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். இருந்தது. ஒரே வரிக் கட்டளை. பிற்பாடு முருகனுடைய தங்கை செல்வியைத்தான் கட்டிக்கொண்டேன். அவன் எனக்கு மச்சான் ஆனான்.

3

சுவீடனில் அந்தப் பூட்டில் நானே ஒரு மாற்றம் செய்தேன். அவசரமாக வரும் மருந்துச் சீட்டுகளுக்கும் அதே பூட்டுதான். காலையின் பெரிய ஜாப் ஓடிக்கொண்டிருக்கும்போது அவசரச் சீட்டுக்கான சின்ன ஜாப் வந்தால் திருப்பி அனுப்பிவிடும். கட்டும் கூடத்தில் இருப்பவர்கள் மறுபடி மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. சலித்துக்கொண்டார்கள். "திருப்பி அனுப்பாமல் கொஞ்சம் காத்திருக்க வைக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள். பூச்சியம் என்றிருந்த காத்திருப்பு நேரத்தை முப்பது நிமிடம் என்று மாற்றினேன். ஓர் எண்தான். எல்லோரும் நன்றி சொன்னார்கள். இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை.

போன வருடம் இலையுதிர் காலம். ஒரு காலைப்பொழுதில் ஜாப் பாதியில் நின்றுவிட்டது. இயந்திரத்துக்குப் போகும் இணைப்பு அறுந்திருந்தது. ஜாப் பூட்டைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறது. நான் இணைப்பைச் சரிசெய்கிறவர்களோடு ஒரு காதிலும், யோரானோடு இன்னொரு காதிலும் பேசிக்கொண்டிருந்தேன்.

சுவீடிஷில் இரண்டு சொல் உண்டு. ஒன்றுக்குப் 'பூட்டியிருக்கிறது' என்று பொருள். மற்றதற்குச் சிக்கல் 'தீர்ந்துவிட்டது' என்று பொருள். தமிழில் எழுதினால் இரண்டையும் 'லோஸ்ட்' என்றுதான் எழுத முடியும். உதட்டைக் குவிப்பதில்தான் வேறுபாடு. கயல் ஆறாம் வகுப்பிலிருந்தே என்னைக் கண்ணாடி முன் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுப்பாள். எனக்கு வந்ததே இல்லை. காதுக்கும் பிடிபட்டதில்லை.

யோரான், "தீர்ந்துவிட்டதா?" என்று கேட்டார். "பூட்டியிருக்கிறதா?" என்று என் காதில் விழுந்தது. ஆமாம், ஆமாம், லோஸ்ட் என்றேன்.

நின்றுபோன ஜாபை நான் நீக்கிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். உதவி செய்வதாக எண்ணி அங்கிருந்து புதிதாக ஒன்றைத் தொடங்கிவிட்டார். அது வந்தது. பூட்டியிருந்தது. பழைய ஏற்பாடாக இருந்திருந்தால் அந்த நொடியே திரும்பிப் போயிருக்கும். நான் முப்பது நிமிடம் நிற்கச் சொல்லியிருந்தேன். நின்றது.

பத்து நிமிடத்தில் இணைப்பு வந்தது. என் ஜாப் விட்ட இடத்திலிருந்து ஓடி முழுதாக முடிந்தது. பூட்டை விட்டது. நான் காபி எடுக்கப் போனேன். அந்த நேரத்தில், காத்திருந்த ஜாப் பூட்டை எடுத்துக்கொண்டு முதல் பெயரிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அனுப்பத் தொடங்கியது.

ஒரே பெட்டியில் ஒரே பெயரில் இரண்டு சுருள் கிடப்பதைக் கட்டும் கூடத்தில் ஒரு பெண் மதியம் பார்த்தாள். எல்லாவற்றையும் நிறுத்தினோம். பிரித்தோம். ஆனால் வடக்கே போகும் வண்டி அதற்குள் கிளம்பிவிட்டது. அந்த வழியில் இருந்த மருந்துக் கடைகளுக்கெல்லாம் பேசினார்கள். ஒரு கடையில் மட்டும் ஒருவர் சுருள்களை ஏற்கெனவே வாங்கிப் போய்விட்டார். வீட்டுத் தொலைபேசியில் தகவல் வைத்துவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். 'தெரிவிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டார்கள். அந்த எண் பழைய எண்.

அவர் பெயர் ஈவார். எண்பத்து நாலு வயது, தனியாக இருப்பவர். ஐந்து நாள் ஒவ்வொரு வேளையும் இரண்டு பொட்டலம் சாப்பிட்டார். ரத்த அழுத்தம் இறங்கி வாசல்படியில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரி வந்து பார்க்கும் வரை அங்கேயே கிடந்திருக்கிறார்.

4

கூட்டம் போட்டார்கள். நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன், என்ன சொல்வார்களோ என்று.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது பக்கப் படிவம் ஒன்றைத் திரையில் காட்டி நிரப்பினார்கள். எது நடந்தது, எப்போது நடந்தது, எந்தச் செயல்முறை தவறியது, இவற்றுக்கெல்லாம் கட்டம் இருந்தது. யார் என்பதற்குக் கட்டம் இல்லை. "அந்த முப்பது நிமிடத்தை வைத்தது நான்" என்றேன். மேலாளர் காரின் தலையைச் சாய்த்து மெதுவாகச் சொன்னாள்: "இது உன் தவறு இல்லை. செயல்முறையின் தவறு." யோரான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் அவரிடம் கேட்டேன். காபி குடித்தோம். கூட்டம் முடிந்தது.

நல்ல மனிதர்கள்தான். இப்படித்தான் நடத்த வேண்டும் என்று எங்கள் செம்மங்குப்பம் மேனேஜருக்கே பாடம் எடுக்கலாம். ஆனாலும் அன்று பஸ்ஸில் வரும்போது எனக்குப் பாரம் குறைந்திருக்கவில்லை. ஒரு மனிதர் என்னால் கீழே விழுந்து கிடந்திருக்கிறார். என்னை ஒருவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அதோடு கொஞ்சம் இறங்கியிருக்கும். ஒருவரும் திட்டாததால் அது முழுதாக என்னிடமே இருந்தது.

கயலுக்கு எழுதினேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. எனக்குத் தெரிந்த சுவீடிஷில் நீளமாக எழுதினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "அப்பா, இது உன் தவறு இல்லை." ஒரு சிவப்பு இதயம். காரின் சொன்ன அதே வாக்கியம், சொல் மாறாமல். இந்த ஊரில் வளர்ந்த பிள்ளை இந்த ஊர் ஆறுதலைத்தானே சொல்லும். நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

செல்வியிடம் சொல்லவில்லை. அவள் அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டு, பள்ளிக்கூடம் போய் வந்து, நெய்வேலி டாக்டரிடம் நேரம் வாங்கி, அதற்கு நடுவில் என்னைக் கூப்பிடுகிறவள்.

"கொரலு ஏன் ஒரு மாதிரியா இருக்கு?"

"சளி."

"கசாயம் வச்சிக் குடிங்க. மிளகு இருக்கா?"

"இருக்கு."

மிளகு இல்லை. மூன்று மாதம் இப்படியே பொய் சொன்னேன்.

5

அதே நாட்களில்தான் அவளுடைய குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கச் சொல்லி அரசு அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ்கிறீர்களா? ஆம், இல்லை. இரண்டு கட்டம். இல்லை என்றால் காரணத்தையும், எந்தத் தேதி முதல் என்பதையும் எழுத வேண்டும்.

உண்மையைத்தான் எழுத வேண்டும். மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்பது காரணமாகச் செல்லுமா என்று தொலைபேசியில் கேட்டேன். வரிசையில் உங்களுக்கு முன் முப்பத்தோரு பேர் என்று ஒரு குரல் சொன்னது. கடைசியில் பேசிய பெண் மிகப் பொறுமையாக, "அது மனைவியின் காரணம். உங்கள் காரணம் என்ன?" என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. நான் அங்கே போகாமல் இங்கே இருப்பதற்குக் காரணம் என்ன என்று கேட்கிறாள் போலும். வேலை என்றேன். தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

6

ஈவார் விழுந்த நாலாவது வாரம் அவரிடமிருந்து கம்பெனிக்குக் கடிதம் வந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டாராம். கையெழுத்தில் எழுதியிருந்தார். நட்ட ஈடு ஒன்றும் கேட்கவில்லை. 'எனக்கு ஏன் இரண்டு வந்தது என்று யாராவது விளக்க வேண்டும்' என்று மட்டும் கேட்டிருந்தார். சட்டப் பிரிவு வழக்கமான பதிலை அனுப்பும் என்றாள் காரின். நான் கையைத் தூக்கினேன்.

"நான் நேரில் போய்ச் சொல்கிறேன்."

அவள் தயங்கினாள். "உன் சுவீடிஷ்..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டாள். பிறகு அவரிடமே கேட்டாள். வரட்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

இரண்டு பஸ் மாறிப் போனேன். காட்டு ஓரத்தில் சிவப்பு மரவீடு. நடக்க உதவும் கைப்பிடி வண்டியைப் பிடித்துக்கொண்டு அவரே கதவைத் திறந்தார். நெடிய ஆள். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே யாரையும் நீ என்றுதான் கூப்பிட வேண்டும். பத்து வருடமாகியும் அந்த வயதுக்காரரை நீ என்று கூப்பிடும்போது என் வாய் கூசுகிறது.

காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். பூட்டு இது, ஜாப் இது, நின்ற ஜாப் இது. லோஸ்ட் விஷயத்தையும் சொன்னேன். இரண்டு சொல்லையும் சொல்லிக் காட்டச் சொன்னார். சொன்னேன். "இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது" என்றார். சிரிக்கவில்லை.

"இரண்டு வந்தபோது நான் ஏன் யாரையும் கேட்கவில்லை தெரியுமா?" என்றார். "பெயர் என்னுடையது. தேதி சரி. அதற்கு முந்தின மாதம்தான் டாக்டர் மருந்தை மாற்றினார். அதிகமாக்கிவிட்டார் போல என்று நினைத்தேன். என் மனைவி இருந்திருந்தால், இது என்ன இரண்டு என்று கேட்டிருப்பாள். நான் யாரைக் கேட்பது? வானொலியையா?"

நான் போட்ட படத்தின் மேல் விரலை வைத்தார்.

"அந்த முப்பது நிமிடம். அதை யார் வைத்தது?"

"நான்."

"ஏன்?"

"காத்திருக்க வை என்று கேட்டார்கள். சலித்துக்கொண்டார்கள்."

"அவர்கள் முகம் கோணக் கூடாது என்று வைத்தாய்."

"ஆமாம்."

"வைக்கும்போது இப்படி ஆகும் என்று யோசித்தாயா?"

"இல்லை."

என்னை நேராகப் பார்த்தார். "முட்டாள்" என்றார். சத்தமாகவே சொன்னார். "படித்திருக்கிறாய். மருந்து இது. மரக்கட்டை இல்லை. கோடைக்காலம் வரை நான் காளான் பொறுக்கப் போனேன். இனி எங்கே போவேன்?" மேசையில் இருந்த கோப்பையை நகர்த்தி வைத்தார்.

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்கவும் வெட்கமாக இருந்தது. அவர் பார்த்தார். பிறகு, "இப்போது என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்டார். காத்திருப்பைப் பூச்சியமாக்கிவிட்டேன், அவசரச் சீட்டுகளுக்குத் தனிப் பூட்டு வைத்துவிட்டேன், தொடங்கும் முன் அன்றைய பட்டியல் ஏற்கெனவே போய்விட்டதா என்று ஜாப் பார்த்துக்கொள்ளும்படியும் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். பூட்டு ஒரே நேரத்தில் இரண்டு ஓடுவதைத்தான் தடுக்கும். ஒன்றன் பின் ஒன்றாக ஓடுவதைத் தடுக்காது. செம்மங்குப்பத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய பாடம்.

காகிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

7

அவருக்குச் சுருள் வருவது வியாழக்கிழமை. அடுத்த சுருள் வந்த அன்று மதியம் அவருக்குத் தொலைபேசி செய்தேன். "எத்தனை வந்தது?" "ஒன்று." வைத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து மறுபடி. அப்புறம் சுருள் வராத வியாழக்கிழமைகளிலும் கூப்பிட்டேன். அவர் குளிரின் அளவைச் சொல்வார். நான் பஸ் தாமதத்தைச் சொல்வேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனதில்லை.

பனிக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. அலுவலகத்துக்குச் செயலியில் ஒரு பொத்தானை அழுத்தினால் விடுப்பு. யாரும் கேட்கமாட்டார்கள், கேட்பது நாகரிகம் இல்லை. வியாழக்கிழமை மதியம் தொலைபேசி அடித்தது. ஈவார். அதுவரை அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

"இன்று வியாழன்."

"காய்ச்சல். மறந்துவிட்டேன்."

"வீட்டில் யார் இருக்கிறார்கள்?"

"யாரும் இல்லை."

"என்ன சாப்பிட்டாய்?"

"தண்ணீர்."

"எழுந்திரு. ஏதாவது அடுப்பில் வை. நான் தொலைபேசியை வைக்கமாட்டேன், பிடித்துக்கொண்டிருக்கிறேன்."

கைபேசியைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துவிட்டு அரிசி கழுவினேன். கஞ்சி வைத்தேன். அது வேக எத்தனை நேரம் என்று கேட்டார். முக்கால் மணி என்றேன். சரி என்றார். அந்த முக்கால் மணியும் அவர் இருந்தார். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அவர் வீட்டில் வானொலி ஓடுவது கேட்டது. நடுவில் ஒருமுறை இருமினார்.

கஞ்சி குடித்து முடித்ததும் செல்வி கூப்பிட்டாள்.

"ஏங்க, ஒரு மணி நேரமா பிஸின்னே வருது. ஒங்களுக்கு யாரு அங்க அவ்ளோ நேரம் பேச?"

சொன்னேன். முப்பது நிமிடத்தில் தொடங்கி, லோஸ்ட், வாசல்படி, கடிதம், மிளகு இல்லாதது வரை எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அம்மாம் நாளும் என்கிட்ட சளி சளின்னு சொன்னது? நான் என்னா அவ்ளோ தூரத்து ஆளாப் போயிட்டனா? தப்பு பண்ணுனது கூடப் பரவால்லங்க. மனுசன் தப்பு பண்ணாம இருப்பானா? மூணு மாசமா நெஞ்சுல வச்சிகிட்டு, கேட்டா ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு... நாளைக்கி நீங்க வுழுந்து கெடந்தா எனக்கு யாரு சொல்லுவா?"

அவள் அப்பா அறையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. "இருங்கப்பா, வர்றேன்" என்று அவருக்குச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள்.

"அந்தப் பெரியவரு நம்பர அனுப்புங்க."

"எதுக்கு?"

"நீங்க எடுக்கலேன்னா நான் யாரத்தான் கேக்கறது?"

"அவருக்குத் தமிழ் தெரியாது, செல்வி."

"எனக்கு சுவீடிஷ் மறந்துட்டுதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

அனுப்பினேன். அடுத்த வியாழக்கிழமை ஈவாரைக் கூப்பிட்டபோது, "உன் மனைவி பேசினாள். உன்னைவிட அவளுக்கு உச்சரிப்பு நன்றாக இருக்கிறது" என்றார். எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று கேட்டேன். இருபது நிமிடம் இருக்கும் என்றார். என்ன பேசினார்கள் என்று அவரும் சொல்லவில்லை, செல்வியும் இதுவரை சொல்லவில்லை.